காலக்கண்ணின் மூன்றாம் விதி

வந்திருந்தோர்:

கொன்ஸ்ரன்ரைன், தலைவர், இளைப்பாறிய அதிபர், ஒரு நாவல்.
செல்வநாயகம், செயலாளர், இளைப்பாறிய பிரதம எழுதுவினைஞர், நாவல் இல்லை, அறுபது கூட்டறிக்கைகள்.
திரேசம்மா, உறுப்பினர், மறைக்கல்வி ஆசிரியை, ஒரு தொடர்கதை (முடியவில்லை).
நிப்ராஸ், உறுப்பினர், துணிக்கடை உரிமையாளர், ஒரு குறுநாவல்.
ஜெயகௌரி, தட்டெழுத்தாளர்.
பீற்றர், கதவும் திறப்பும்.
மில்ரன், கதையாசிரியர். (முதலில் 'எதிராளி' என்று எழுதிப் பின் வெட்டப்பட்டது.)

வராதோர்: காலக்கண், விதிக்கோவையின் ஆசிரியர். அழைப்புக் கடிதம் நான்காவது வருடமாகத் திரும்பி வந்தது. அவருடைய கதிரை வழமைபோல் வெறுமையாக விடப்பட்டது.

மன்னார்த் தீவுக் கற்பனைக் கதைப் பேரவையின் அறுபத்தோராம் கூட்டத்தின் அறிக்கை இப்படித் தொடங்குகிறது. அதில் ஒரு பிழை உண்டு. காலக்கண் வந்திருந்தார். ஏழாவதாகப் பெயர் எழுதப்பட்ட மில்ரன்தான் காலக்கண். அந்த அறையில் அது மில்ரனுக்கு மட்டுமே தெரியும். அவனும் அதை நான்கு வருடமாக மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மில்ரனுக்கு இருபத்தேழு வயது. பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படிக்கப் போனவன், இரண்டாம் வருடப் பரீட்சையன்று காலையில் நித்திரையாகிவிட்டான். கண்விழித்தபோது பரீட்சை முடிந்திருந்தது. அடுத்த தடவை எழுதலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் திரும்பிப் போகவில்லை. வெட்கம் என்று அவன் சொன்னான். சோம்பல் என்று அவனுடைய அக்கா றெபேக்கா சொன்னாள். அக்காவின் கணிப்பே சரியானது.

பிறகு பள்ளிமுனையில் ஓர் ஐஸ் கம்பனியில் இரவுக் காவல் வேலை கிடைத்தது. அவன் காவல் காத்தது ஐஸை. ஐஸைத் திருடுபவன் வீடு போய்ச் சேரும்போது கையில் ஈரம்தான் மிஞ்சும். ஆகவே யாரும் திருட வரவில்லை. விடியும்வரை செய்ய ஒன்றுமில்லாத ஒருவன் ஒன்றில் குடிக்கலாம், அல்லது பிறரில் பிழை பிடிக்கலாம். மில்ரனுக்குக் குடி ஒத்துவரவில்லை.

அந்த வருடம் பேரவையின் ஆண்டு மலரில் முதற்பரிசு பெற்ற கதையை உயிலங்குளத்துக் கமக்காரர் பீற்றர் எழுதியிருந்தார். குளக்கட்டு உடைந்து ஊர் வயல்களை வெள்ளம் கொண்டுபோகிறது. ஒருவன் முதல்நாள் மாலைக்குத் திரும்பிப் போய், மண்வெட்டியோடு தனியாளாக நின்று கட்டை உயர்த்திவிட்டு வருகிறான். வெள்ளம் வரவில்லை. வராத வெள்ளம் யாருக்கும் ஞாபகமும் இல்லை. நல்லாயிருந்த கட்டைக் கொத்திக் குழப்பிய விசரன் என்று ஊர் அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. அவ்வளவுதான். ஆறு பக்கம்.

மில்ரன் அதை மூன்று தரம் வாசித்தான். முதல் தரம் லொறி ஹோர்ன் அடித்ததும் கேட்கவில்லை. இரண்டாம் தரம் வயிறு எரிந்தது. மூன்றாம் தரம் பேனையை எடுத்தான்.

வெள்ளம் வரவில்லையென்றால் அவன் எதற்காகத் திரும்பிப் போனான்? அவன் போகவில்லையென்றால் கட்டை உயர்த்தியது யார்? ஐந்தாம் பக்கத்தில் குளக்கட்டில் விட்டுவிட்டு வந்த மண்வெட்டி ஆறாம் பக்கத்தில் வீட்டுச் சுவரில் சாத்தியிருப்பது எப்படி? நாற்பத்திரண்டு பக்கம் எழுதினான். தான் வாசித்த, பார்த்த, விளையாடிய பன்னிரண்டு கற்பனை உலகங்களை அட்டவணை போட்டு ஒப்பிட்டான். ஓர் உலகத்தில் நடந்ததை மாற்றவே முடியாது. இன்னோர் உலகத்தில் மாற்றினால் காலம் கிளை பிரியும். வேறோர் உலகத்தில் மாற்றியவன் காற்றில் கரைவான். பன்னிரண்டில் ஒன்றிலும் பீற்றரின் மண்வெட்டி அடங்கவில்லை என்று நிறுவினான். கடைசியில் கதாசிரியர்கள் கைக்கொள்ள வேண்டிய ஒன்பது விதிகளையும் தானே வகுத்து, 'இதில் ஓர் எழுத்தேனும் என் ஒப்புதலின்றி மாற்றப்படலாகாது' என்று முடித்து, 'காலக்கண்' என்று கையெழுத்து வைத்து, இல்லாத ஒரு முகவரியும் போட்டு அனுப்பினான். அனுப்பிய மறுநாளே அதை மறந்துவிடப் பார்த்தான்.

பேரவைக்கு மறக்கவில்லை. நாற்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் அதற்கு முன் அவர்களுக்கு வந்ததில்லை. அதைச் சிவப்பு றெக்சின் அட்டை போட்டுக் கட்டி, 'விதிக்கோவை' என்று பெயரிட்டு, ஏகமனதாக ஏற்றுக்கொண்டார்கள். பீற்றரிடமிருந்து பரிசுக் கேடயத்தை மீளப்பெற்று அலுமாரியில் வைத்தார்கள். ஆளைச் சும்மா அனுப்ப மனமில்லாமல் மண்டபத்துத் திறப்பைக் கொடுத்து, கதவு பூட்டித் திறக்கும் பொறுப்பில் வைத்தார்கள். வயல் வேலை இல்லாத நாட்களில் பஸ்ஸேறி வந்து, தன்னிடமிருந்து பறித்த கேடயத்தைத் தானே தூசி தட்டினார் பீற்றர்.

நான்கு வருடம் கழித்து, மில்ரனுக்கு அந்தப் பேரவையின் தயவு தேவைப்பட்டது. நூலகமொன்றில் உதவியாளர் வேலை. காலை எட்டு மணிக்குப் போய் மாலை நான்கு மணிக்கு வரலாம். சூரியனோடு எழும்பி, மற்ற மனிசர் படுக்கும் நேரத்தில் படுக்கலாம். பிரசுரமான எழுத்தாளர் என்று பதிவுபெற்ற இலக்கிய அமைப்பொன்று சான்றிதழ் கொடுத்தால் நேர்முகத்தில் பத்துப் புள்ளி. அந்தப் பத்து இல்லாவிட்டால், பட்டம் இல்லாத மில்ரனை நேர்முகத்துக்கே கூப்பிடமாட்டார்கள். ஆகவே ஒரு கதை எழுதி மலருக்குக் கொடுத்தான். ஐஸ் கம்பனிக் காவலாளி ஒருவன் குளிர் அறைக்குள் காலம் பின்னோக்கி ஓடுவதைக் கண்டுபிடிக்கிறான். தவறவிட்ட பரீட்சை நாளுக்குப் போய், நித்திரையாய்க் கிடக்கும் தன்னைத் தட்டி எழுப்புகிறான். யார் போய்ப் பரீட்சை எழுதுவது என்று இருவரும் சண்டை பிடித்து, களைத்து, ஒரே கட்டிலில் நித்திரையாகிவிடுகிறார்கள்.

சுமாரான கதை. அது மில்ரனுக்கும் தெரியும்.

விண்ணப்பம் அறுபத்தோராம் கூட்டத்தன்று மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேரவேண்டும். கூட்டம் காலை பத்துக்கு. மில்ரன் இரவு வேலை முடிந்து, முகம் கழுவி, நித்திரையில்லாமல் நேரே வந்திருந்தான். முன்பு வலைச் சங்கம் இருந்த கட்டடத்தின் மேல்மாடியில் பேரவை இருந்தது. சோளகக் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் ஒவ்வொரு தாளின் மேலும் ஒரு சங்கு வைக்கப்பட்டிருந்தது. கீழே வாசல் நிழலில் ஐந்து கழுதைகள் நின்றன.

"தம்பி, கதையை எல்லாரும் வாசிச்சம்," என்றார் கொன்ஸ்ரன்ரைன். "நல்ல கதையோ கூடாத கதையோ எண்டது பேரவைக்குத் தேவையில்லாத விசயம். அதிலை நாங்கள் தலையிடுறேல்லை. விதிக்கு ஒத்து வருதோ எண்டதுதான் கேள்வி. செயலாளர், மூன்றாம் விதி."

செல்வநாயகம் எழுந்து நின்று, சிவப்பு அட்டையை நெற்றிவரை உயர்த்தி வாசித்தார். "ஒரே ஆள், ஒரே நேரத்தில், ஒரே அறையில், இருவராக இருத்தல் ஆகாது. பக்கம் முப்பத்தெட்டு."

மில்ரன் அந்த வசனத்தைக் கேட்டான். 'ஆகாது' என்ற சொல்லைத் தான் எவ்வளவு ரசித்து எழுதினான் என்பது ஞாபகம் வந்தது. நான்கு வருடத்துக்கு முந்திய அந்த மில்ரன் இந்த அறைக்குள் வந்தால் செவிட்டைப் பொத்தி ஒன்று கொடுக்கலாம். ஆனால் அதுவும் மூன்றாம் விதிப்படி ஆகாது.

"ஆனா சேர், இது வெறும் கதைதானே," என்றான்.

திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"வெறும் கதை," என்றார் தலைவர், மெதுவாக. "முப்பத்தொரு வருசம் பள்ளிக்கூடம் நடத்தினனான் தம்பி. ஒரு பிள்ளையும் என்னட்டை அப்பிடிச் சொன்னதில்லை. என்ர நாவலை எடும். கதாநாயகன் போத்துக்கேயர் காலத்துக்குப் போறான். என்னத்துக்கு? மன்னார்க் கோட்டை கட்டுறதைத் தடுக்க. போனவுடனை பிடிச்சுக் கல்லுச் சுமக்க விட்டிடுறாங்கள். நானூறு பக்கமும் கல்லுத்தான் சுமக்கிறான். கோட்டை கட்டி முடியுது. ஏன்? நடந்தது நடந்ததுதான். இறந்தகாலத்திலை ஒரு கல்லைக்கூட அசைக்க ஏலாது. என்ர உலகத்திலை உம்மட காவலாளி போயிருந்தால், தன்னை எழுப்பியிருக்க மாட்டான். தாலாட்டியிருப்பான். அதாலைதான் அவன் பரீட்சைக்குப் போகேல்லை எண்டு கதை முடிஞ்சிருக்கும்."

அது தன் முடிவைவிட நல்ல முடிவு என்று மில்ரனுக்குப் பட்டது.

"எனக்கு அது சரிவராது சேர்," என்றார் திரேசம்மா. அவருடைய தொடர்கதையில் நாயகி இறந்தகாலத்தில் எதைத் தொட்டாலும் காலம் கிளை விடும். இருபத்தேழு அத்தியாயத்தில் பதினொரு கிளை, கிளைக்கொரு புருசன். "என்ர உலகத்திலை ஒரு கிளையிலை தம்பி பரீட்சை எழுதிப் பாஸ். மற்றதிலை பெயில். ரெண்டும் உண்மை. சண்டையே வராது."

"ஆனா ரீச்சர், பதினொரு கலியாணம் எண்டு பங்குத்தந்தை கேட்டவரெல்லோ," என்றார் செல்வநாயகம்.

"கலியாணம் ஒண்டுதான். கிளைதான் பதினொண்டு. நான் கோயில்லை எழுதிக் குடுத்திட்டன்."

எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நிப்ராஸ் இதுவரை பேசாமல் மில்ரனை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி எத்தின கிலோ?"

"என்ன நானா?"

"நிறை. எத்தின கிலோ?"

"அறுபத்திரண்டு."

"அப்ப ரெண்டு பேர் நூற்றி இருபத்திநாலு." நிப்ராஸின் குறுநாவலில் காலம் ஒரு வியாபாரி. ஒன்றை எடுத்தால் அதே நிறையில் இன்னொன்றை வைக்கவேண்டும். தொலைந்த தம்பியை மீட்கப் போனவன், ஒரு மூடை சீனியும் நாலு போர்வையும் வைத்துவிட்டு வருவான். "அந்த அறைக்கு மேலதிகமா அறுபத்திரண்டு கிலோ வந்திருக்கு. அப்ப ஐஸ் அறையிலை அறுபத்திரண்டு கிலோ ஐஸ் குறைஞ்சிருக்கோணும். கதையிலை குறைஞ்சதோ?"

"இல்லை நானா."

"எழுதிக்கொள்ளுங்கோ. ஐஸ் குறையேல்லை."

செல்வநாயகம் எழுதிக்கொண்டார்.

மூன்று உலகங்களில் எதன் சட்டம் இங்கே செல்லும் என்ற கேள்வி பதினொரு மணிக்கு எழுந்தது. வாக்கெடுத்தார்கள். மூன்று பேரும் தங்கள் தங்கள் உலகத்துக்கு வாக்களித்தார்கள். செல்வநாயகத்துக்கு உலகம் இல்லாததால் வாக்கும் இல்லை. ஆகவே சமரசம் காணப்பட்டது: மன்னார்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவுக்குள், தலைவரின் உலகம், இறந்தகாலம் மாறாது. பாலம் தாண்டிப் பெருநிலத்தில் திரேசம்மாவின் உலகம், கிளை விடும். பாலத்தின் மேல் நிற்கும்போது மட்டும் நிப்ராஸின் தராசு. இது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு, பெயரில் மட்டும் தீவான விடத்தல்தீவைத் தீவாகக் கொள்வதா பெருநிலமாகக் கொள்வதா என்பதில் ஒரு மணித்தியாலம் போனது. அங்கே கதை எழுதுபவர் எவரும் இல்லை என்று ஜெயகௌரி சொன்னாள். நாளைக்கு எழுதினால் என்ன செய்வது என்று தலைவர் கேட்டார். உபகுழு அமைக்கப்பட்டது.

"சரி, ஐஸ் கம்பனி தீவுக்குள்ளை," என்றார் தலைவர் கடைசியில். "ஆனா எங்கை இருந்தாலும் மூன்றாம் விதி மூன்றாம் விதிதான். அதை மாத்தக்கூடிய ஒரே ஆள் காலக்கண் ஐயா." எல்லோரும் வெற்றுக் கதிரையைப் பார்த்தார்கள். அதன் முதுகில் நான்கு வருடப் பழைய பிளாஸ்ரிக் மாலை ஒன்று தொங்கியது. "சாப்பாட்டுக்குப் பிறகு கதையை நிராகரிப்பம்."

*

பீற்றர் படிக்கட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மில்ரனைக் கண்டதும் தன் பணிஸில் பாதியைப் பிய்த்து நீட்டினார்.

"காலமை சாப்பிடேல்லைப் போல."

"நித்திரையும் இல்லை அண்ணன்."

"என்ர கதையையும் இப்பிடித்தான் உரிச்சவங்கள்," என்றார் பீற்றர். மில்ரன் பணிஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்குக் கோவம் இல்லை. மண்வெட்டி பிழைதான். நான்தான் கவனிக்கேல்லை. ஆனா அந்தக் காலக்கண்ணைக் கண்டால் ஒண்டு கேக்கோணும்."

"என்ன?"

"நாப்பத்திரண்டு பக்கத்தையும் வாசிச்சுப் பாத்தன். இதுக்குள்ளை வெள்ளம் எப்பிடி வரும், காலம் எப்பிடி ஓடும், எல்லாம் இருக்கு. என்ர கதை நல்லாயிருந்ததோ இல்லையோ எண்டு ஒரு வரி இல்லை. அந்த மனிசன் அவ்வளவு கவனமா வாசிச்சவர். அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அதை மட்டும் கேக்கோணும்."

"அதுக்குப் பிறகு எழுதேல்லையோ?"

"என்னத்துக்கு? வயலுக்குத் தண்ணி பாயுதோ எண்டு பாத்தாக் காணும்."

ஒரு கழுதை படியில் இரண்டு கால் வைத்துப் பார்த்து, பிடிக்காமல் இறங்கிப்போனது. மில்ரன் மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தான். ஒரு நல்ல மனிதன் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். மில்ரன் மணியைப் பார்த்தான். ஒன்றரை. மேலே ஏறினான்.

*

"நான்தான் காலக்கண்," என்றான்.

யாரும் நிமிரவில்லை. "அடுத்த விடயம்," என்றார் தலைவர்.

"சேர், உண்மையா. நான்தான் எழுதினனான்."

"அழைப்புக் கடிதம் நாலு தரம் திரும்பி வந்ததே," என்றார் செல்வநாயகம். "நீர் காலக்கண் எண்டால் அதை வாங்கியிருப்பீர்."

"முகவரி பொய் சேர்."

"காலக்கண் ஐயா பொய் எழுதமாட்டார்."

அவன் ஒன்பது விதிகளையும் மனப்பாடமாகச் சொன்னான். அதைத் திரேசம்மாவின் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளும் சொல்வார்கள் என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் காட்டினான். ஒத்துவந்தது, ஆனால் நல்ல ரசிகன் எவனும் அப்படிப் போடப் பழகியிருப்பான் என்றார்கள். கடைசியில், இருபத்தோராம் பக்கத்து அட்டவணையில் ஏழாவது உலகத்தின் விதி பிழை, நான் அந்தத் தொடரின் கடைசிப் பாகத்தைப் பார்க்காமலேயே எழுதினேன் என்றான். நான்கு வருடமாக அந்த அட்டவணையை யாரும் சரிபார்த்ததில்லை. நிப்ராஸ் போனில் தேடிப் பார்த்தார். பிழைதான். தான் எழுதியதில் எங்கே புளுகினான் என்பது எழுதியவனுக்கு மட்டுமே தெரியும். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

தலைவர் மாலையை எடுத்துத் தூசி ஊதினார். "ஐயா, இருங்கோ."

மில்ரன் அந்தக் கதிரையில் உட்காரப் போனான்.

"நில்லுங்கோ!" என்றார் செல்வநாயகம். "அறிக்கையிலை மில்ரன் வந்திருக்கிறார் எண்டு எழுதியாச்சு. இப்ப காலக்கண் ஐயாவும் வந்தால், ஒரே ஆள், ஒரே நேரத்திலை, ஒரே அறையிலை..."

மூன்றாம் விதி. தலைவரின் முகம் வெளிறியது. பத்து நிமிட ஆலோசனைக்குப் பிறகு, மில்ரன் வெளியே போவதென்றும் காலக்கண் உள்ளே வருவதென்றும் தீர்மானமாயிற்று. பீற்றர் கதவைத் திறந்துவிட்டார். மில்ரன் வெளியே போனான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. படிக்கட்டின் மேல் இருவரும் நின்றார்கள்.

உள்ளே நடந்த எல்லாவற்றையும் கேட்டிருந்தார் பீற்றர். அவர் மில்ரனையே பார்த்துக்கொண்டிருந்தார். மில்ரன் தன் செருப்பைப் பார்த்தான்.

"அண்ணன்..."

"உள்ளுக்குக் கூப்பிடுகினம்," என்றார் பீற்றர். "போங்கோ ஐயா."

அந்த 'ஐயா' அறைந்ததைவிட மோசமாக இருந்தது.

காலக்கண் உள்ளே வந்து அமர்ந்து, மாலை கழுத்தில் உறுத்த, மூன்றாம் விதியின் கீழே 'ஐஸ் கம்பனிகள் நீங்கலாக' என்று தன் கையால் எழுதிச் சேர்த்தார். கதை ஏகமனதாக ஏற்கப்பட்டது. மணி இரண்டு ஐம்பது. நூலக விண்ணப்பம் வாங்கும் அரச கந்தோர் சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். மில்ரனுக்குக் காலை வெயிலில் வேலைக்குப் போகும் தன் நிழல்கூடத் தெரிந்தது.

"சார், ஒரு நிமிசம்," என்றாள் ஜெயகௌரி. அவள் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பதினாறு வயதில் கப்பலேறித் திரும்பி வந்தவள். 'சேர்' இன்னும் அவள் வாயில் வரவில்லை. விண்ணப்ப அறிவித்தலை விரலால் தொட்டுக் காட்டினாள். "சான்றிதழ் யூலை பதினஞ்சுக்கு முன்னால கொடுத்ததா இருக்கணும்னு போட்டிருக்கு. இப்ப ஆகஸ்ட்."

மில்ரன் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது. நடந்தது நடந்ததுதான், ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது.

"அவ்வளவுதானே?" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "செயலாளர், திகதியைப் பின்னுக்குக் கொண்டுபோங்கோ."

மில்ரன் கண்ணைத் திறந்தான். செல்வநாயகம் லாச்சியை இழுத்துத் திகதி முத்திரையை எடுத்திருந்தார். அதன் சின்னச் சக்கரங்களைப் பெருவிரலால் சுழற்றினார். ஆகஸ்ட் யூலையானது. சத்தம்கூட வரவில்லை.

"சேர், இறந்தகாலம் மாறாது எண்டு காலமை தீர்மானிச்சதெல்லோ?"

"அது கதைக்கு," என்றார் தலைவர், பொறுமையாக. "கதைக்கு விதி இருக்கு. கந்தோருக்கு வழமை இருக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது. கதையிலை ஒருத்தன் ஒரு நாள் பின்னுக்குப் போறதெண்டால் ஆயிரம் கேள்வி வரும். வாசகர் பொல்லாதவை. கந்தோரிலை முப்பது வருசம் பின்னுக்குப் போனாலும், கையெழுத்து வைச்சவர் அண்டைக்கு உயிரோடை இருந்தாக் காணும்."

"எனக்கே ரெண்டு பிறந்தநாள்," என்றாள் ஜெயகௌரி, தட்டெழுத்துப் பொறியில் தாளைச் செருகியபடி. "முகாம் அட்டையில ஒண்ணு, இங்க பதிஞ்சது ஒண்ணு. இங்க வந்தப்ப ரெண்டு வயசு குறைஞ்சுபோச்சு. நான் ஒண்ணும் காத்துல கரைஞ்சு போகலையே."

செல்வநாயகம் வெளிச்செல்லும் கடிதப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். தன் முப்பத்தைந்து வருடச் சேவையில் கண்டறிந்த இரகசியத்தை அப்போதுதான் வெளியிட்டார். "மாசத்துக்கு ஒரு வரி சும்மா விடுவன். எப்ப என்ன தேவைப்படும் எண்டு ஆருக்குத் தெரியும்? வெறுமையா விட்டால் பரிசோதிக்க வாறவை கேப்பினம் எண்டு இலக்கமும் திகதியும் மட்டும் போட்டு வைப்பன். இந்தா, யூலை பத்து. இது ஒண்டுதான் இருக்கு. தம்பிக்கு அதிர்ஷ்டம்."

சான்றிதழுக்கென்று அச்சடித்த தடித்த தாளும் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. ஜெயகௌரி அதில் தட்டெழுத்தில் அடித்தாள். தலைவர் யூலை பத்தில் கையெழுத்து வைத்தார். முத்திரை விழுந்தது. பன்னிரண்டு கற்பனை உலகங்களை ஒப்பிட்டவனுக்குப் பதின்மூன்றாவது உலகம் கண்முன்னே நடந்தது. இயந்திரம் இல்லை, கிளை இல்லை, நிறைக்கு நிறை இல்லை. றப்பரும் மையும்.

மணி மூன்று பத்து.

"கடைசியா ஐயாவின்ர ஒப்பம்," என்றார் செல்வநாயகம், சான்றிதழின் அடியில் ஒரு கட்டத்தைக் காட்டி. 'கால முரண்பாடுகள் ஏதுமிருப்பின்' என்று அச்சடித்திருந்தது. விதிக்கோவை வந்த வருடம் சேர்த்த கட்டம். நான்கு வருடமாக வெறுமையாகவே போய்க்கொண்டிருந்தது; நிரப்பக்கூடிய ஒரே ஆள் இன்றுதான் வந்திருந்தார். "ஒண்டும் இல்லை எண்டு எழுதிக் கையெழுத்து வையுங்கோ."

மில்ரன் பேனையை வாங்கினான். சான்றிதழை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்தான். வாசித்திருக்கக் கூடாது. யூலை பத்து. அந்த நாளில் ஏதோ ஒன்று இடறியது. அன்றைக்கு ஐஸ் கம்பனிக்கு லொறி வரவில்லை. ஏன் வரவில்லை? அன்றைக்குப் பௌர்ணமி. போயா விடுமுறை. தீவில் ஒரு கந்தோரும் திறக்கவில்லை, இந்த மண்டபம் உட்பட.

அவனுடைய மூளை 'ஒண்டும் இல்லை' என்று எழுதச் சொன்னது. நான்கு வருடப் பகல் நித்திரை எழுதச் சொன்னது. அக்காவின் குரல்கூட எழுதச் சொன்னது. ஆனால் ஒரு பிழையைக் கண்டதும் அவனுக்குள் எங்கேயோ ஓர் இனிப்பு ஊறும். மூன்றாம் தரம் வாசித்துப் பேனையை எடுத்த அன்று ஊறிய அதே இனிப்பு. எழுதி முடித்த பிறகுதான் தான் எழுதியதைப் பார்த்தான். நல்ல கையெழுத்து, கறுப்பு மை, அழிக்க முடியாத பேனை:

'10ஆம் திகதி போயா. அலுவலகம் பூட்டு. சான்றிதழ் வழங்கப்பட்டிருக்க இயலாது. - காலக்கண்.'

காற்றில் ஒரு தாள் சங்குக்கு அடியில் படபடத்தது.

"லூசாண்ணா நீங்க?" என்றாள் ஜெயகௌரி.

கொன்ஸ்ரன்ரைன் சான்றிதழைக் கையில் எடுத்தார். இரண்டு தரம் வாசித்தார். அவருடைய கண்கள் கலங்கின. "பாத்தீங்களோ," என்றார். "தன்ர சான்றிதழிலையே பிழை பிடிச்சிருக்கிறார். இதுதான் நேர்மை. பொய்த் திகதி போட்டு வாழுற இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு மனிசன்." பொய்த் திகதி போட்டவர் கைதட்டினார். முத்திரை குத்தியவர் கைதட்டினார். சான்றிதழ் கண்ணாடிச் சட்டமிட்டு மண்டபத்தில் தொங்கவிடப்படும் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. புதிய தாள் அச்சடிக்க மூன்று மாதமாகும். காலக்கண் ஐயா அடுத்த வருட நடுவராக நியமிக்கப்பட்டார். நடுவரின் கதைகள் மலரில் வரக்கூடாது என்பது ஐந்தாம் விதி. அதையும் அவன்தான் எழுதியிருந்தான்.

கூட்டம் மூன்றரைக்குக் கலைந்தது. ஒவ்வொருவராகக் கைகொடுத்துவிட்டு இறங்கிப்போனார்கள். நிப்ராஸ் மட்டும் படியில் நின்று, "அறுபத்திரண்டு கிலோவை யோசிச்சுப் பாருங்கோ தம்பி," என்றார். கடைசியாக மில்ரன் மாலையைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தான். இன்னும் இரண்டு மணித்தியாலம் நித்திரை கொண்டால் இரவு வேலைக்குப் போகலாம்.

பீற்றர் கதவைப் பிடித்தபடி உள்ளே நின்றார். அலுமாரியைத் துடைத்துவிட்டுத்தான் அவர் போவார். கையில் திறப்பு இருந்தது.

மில்ரன் வாசற்படியைத் தாண்டி வெளியே நின்று திரும்பினான். "அண்ணன், நீங்கள் கேக்கோணும் எண்டது."

பீற்றர் திறப்பைக் கையில் மாற்றிப் பிடித்தார்.

"நல்லாயிருந்தது. அந்த மலரிலை அது ஒண்டுதான் கதை. எனக்கு அப்பிடி எழுத வராது எண்டு தெரிஞ்சுபோச்சு. அந்த எரிச்சலிலைதான் எழுதினனான்."

பீற்றரின் கை திறப்போடு அப்படியே நின்றது. அவர் கீழே வெயிலைப் பார்த்தார். அவருடைய வாய் மெல்ல இளகியது. எங்கேயோ ஒரு மடை திறந்து தண்ணீர் வருகிற சத்தத்தைக் கேட்பவர்போல் தலையைச் சற்றே சரித்தார்.

மில்ரன் அத்துடன் நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா அண்ணன், ஆறாம் பக்கத்திலை அந்த மண்வெட்டி..."

பீற்றர் கதவைச் சாத்தினார். உள்ளே திறப்பு ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு, ஐயத்துக்கு இடமில்லாமல், இன்னொரு சுற்று.